விண்மீன் பார்த்து ஆறளந்த டேவிட் தொம்சன்

எமது வார இறுதித் தமிழ்ப் பாடசாலையின் வகுப்பறைச் சுவரிலே கனடாவின் பெரிய படமொன்று தொங்குகின்றது. பகல் உணவு இடைவேளையிற் பிள்ளைகள் அதன் முன் நின்று மாகாணங்களின் பெயர்களை ஒருவருக்கொருவர் ஒப்பிப்பதுண்டு. அப்படத்தின் மேற்குப் புறத்தில், றொக்கி மலைகளுக்கு அப்பால், நீலக் கோடொன்று வடக்கு நோக்கி நெடுந்தூரம் சென்று, சடுதியாக வளைந்து, வந்த வழிக்கு எதிராகத் தெற்கே இறங்குவதைக் காணலாம். அதுவே கொலம்பியா ஆறு. அந்தக் கோட்டின் வளைவு சரியாக எங்கே விழுகின்றது என்பதை அறிய ஒரு மனிதருக்கு நான்கு ஆண்டுகள் சென்றன. அவர் ஒரு கண் பார்வையை முன்னரே இழந்தவர். ஒரு காலிற் சிறிது ஊனமும் உடையவர். அவருடைய பெயர் டேவிட் தொம்சன்.

நாம் குடியேறிய நாட்டின் வரலாற்றிலே நம் பிள்ளைகள் அறிய வேண்டிய மனிதர்களுள் அவரும் ஒருவர் எனக் கருதியே இச்சிறு வரலாற்றை இம்மலருக்கு எழுதுகின்றேன்.

தொம்சன் 1770ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் இலண்டன் மாநகரின் வெஸ்ற்மின்ஸ்ரர் பகுதியிற் பிறந்தார். பெற்றோர் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த ஏழைகள். குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன்னரே தந்தை இறந்துவிட்டார். ஏழாவது வயதில், ஏழைப் பிள்ளைகளுக்கான கிறே கோற் அறப் பாடசாலையில் அவர் சேர்க்கப்பட்டார். அங்கே கப்பற்றொழிலுக்குப் பயன்படும் கணிதம் கற்பிக்கப்பட்டது. பதினான்கு வயதான போது, ஹட்சன் விரிகுடாக் கம்பனிக்கு ஏழாண்டுகள் தொழில் பழகும் சிறுவனாக அவரை ஒப்படைத்தார்கள். 1784ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திற் கப்பல் அவரைச் சேர்ச்சில் என்னும் குளிர்க் கரையில் இறக்கியது. அன்று விட்டுச் சென்ற தாயையும் இலண்டனையும் அவர் பின்னர் ஒருபோதும் காணவில்லை. ஊரை விட்டு வந்து, திரும்பிப் போகாமலே முதுமையடைந்தோர் நம்மிடையிலும் உளர். அவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அக்காலத்துக் கம்பனியின் வேலை மென்மயிர்த் தோல் வணிகமாகும். ஐரோப்பியச் செல்வர் அணியும் தொப்பிகளுக்குப் பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் மயிர் தேவைப்பட்டது. அவ்விலங்கின் தோலைத் தேடியே வணிகர்கள் ஆறாறாக உள்நாடு புகுந்தார்கள். காட்டினூடே பாதைகள் இல்லை, ஆறுகளே பாதைகள். எனவே ஆற்றின் போக்கை அறிந்தவனே வணிகத்தில் வென்றான். தொம்சனின் வாழ்வு முழுவதையும் இயக்கிய தேவை இதுவே என்பதை மறந்துவிடலாகாது.

பதினேழாவது வயதில், 1787ஆம் ஆண்டுக் குளிர்காலத்தை, இன்றைய அல்பேட்டா மாகாணத்தின் போ ஆற்றுப் பக்கத்திற் பீகன் மக்களின் கூடாரங்களிற் கழிக்குமாறு அவர் அனுப்பப்பட்டார். சௌக்கமப்பி என்னும் முதியவர் தம் கூடாரத்தில் அவருக்கு இடமளித்தார். குதிரைகள் அந்தச் சமவெளிக்கு வந்த காலத்தையும், முதல் துப்பாக்கிகளையும், 1781ஆம் ஆண்டளவிற் பரவிய பெரியம்மை கூடாரங்களை வெறுமையாக்கியதையும் அந்த முதியவர் இரவு தோறும் கூற, இளைஞர் கேட்டிருந்தார். பிற்காலத்தில் தொம்சன் எழுதி வைத்ததனால் மாத்திரமே அந்த முதியவரின் வரலாறு இன்று நமக்குக் கிடைக்கின்றது.

அடுத்த ஆண்டு நேர்ந்த விபத்தொன்று அவர் வாழ்வைத் திருப்பியது. 1788ஆம் ஆண்டு மார்கழி மாதத்திற் சஸ்கச்சுவான் ஆற்றங்கரையில் அவருடைய கால் எலும்பு முறிந்தது. மாதக்கணக்கிற் படுக்கையிலிருந்த அவரைக் கம்பர்லண்ட் ஹவுஸ் என்னும் வணிக நிலையத்திற்குக் கொண்டு சென்றனர். கம்பனியின் நிலஅளவையாளரான பிலிப் ரேணர் 1789ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே குளிர்காலத்தைக் கழிக்க வந்து சேர்ந்தார். நடக்க முடியாத இளைஞருக்கு வானத்தைப் பார்த்து இடம் குறிக்கும் கலையை அவர் கற்பித்தார். இளைஞர் இரவும் பகலும் அதிலேயே மூழ்கினார். அதன் விலையாக வலது கண்ணின் பார்வை போயிற்று. ரேணரின் அதபாஸ்காப் பயணத்தில் உதவியாளராகச் செல்லும் வாய்ப்பும் கைநழுவிப் பீற்றர் பிட்லர் என்பவருக்குக் கிடைத்தது. ஆயினும் தொழில் பழகும் காலம் முடிந்த வேளையில், வழக்கமாக அளிக்கப்படும் புத்தாடைக்குப் பதிலாக அளவைக் கருவிகளைத் தருமாறு தொம்சன் வேண்டினார். கம்பனி ஆடையையும் கருவிகளையும் சேர்த்தே அனுப்பியது.

அவர் எவ்வாறு ஆறுகளை அளந்தார் என்பதை மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று. வள்ளம் ஆற்றில் நகரும்போது, ஒவ்வொரு வளைவிலும் திசையறிகருவியைப் பார்த்து ஆறு எத்திசை திரும்புகின்றது எனக் குறித்துக்கொள்வார். ஒரு வளைவிலிருந்து மறு வளைவு வரையுள்ள தூரத்தை, சென்ற நேரத்தையும் வள்ளத்தின் வேகத்தையும் கொண்டு மதிப்பிடுவார். ஒரு நாளிலேயே இவ்வாறு பல பத்துக் குறிப்புகள் சேரும். இம்மதிப்பீட்டிற் சிறு பிழைகள் நேர்வது இயல்பு. அவை நாட்கணக்கிற் சேர்ந்தால் ஆறு படத்தில் எங்கோ போய்விடும். ஆகவே இடையிடையே வானத்தைக் கேட்டுத் திருத்த வேண்டும். நண்பகலிற் சூரியனின் உயரத்தைச் செக்ஸ்ரன்ற் என்னும் கோணமளக்கும் கருவியால் அளந்தால் அகலக்கோடு கிடைக்கும். கடலிலே தொடுவானத்திலிருந்து இவ்வுயரத்தை அளக்கலாம். மரங்கள் நெருங்கிய காட்டிலே தொடுவானம் ஏது? எனவே சிறு தட்டொன்றில் இரசத்தை ஊற்றி, காற்று அசைக்காதபடி கண்ணாடிக் கூரையால் மூடி, அதிலே தோன்றும் சூரியனின் நிழலுருவிற்கும் வானத்துச் சூரியனுக்கும் இடையேயுள்ள கோணத்தை அளப்பார். அதிற் பாதியே சூரியனின் உயரம்.

நெடுங்கோடு காண்பது இதனினும் கடினம். சந்திரன் விண்மீன்களுக்கிடையே மணிக்கு ஏறக்குறைய அரைப் பாகை நகர்கின்றது. ஒரு விண்மீனுக்கும் சந்திரனுக்கும் உள்ள தூரத்தை அளந்து, கடலோடிகளின் வானியல் அட்டவணையோடு ஒப்பிட்டால், அவ்வேளையில் இங்கிலாந்தின் கிறீனிச்சில் என்ன நேரம் என்பது தெரியவரும். உள்ளூர் நேரத்திற்கும் அதற்குமுள்ள வேறுபாடே நெடுங்கோடு. கோணத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு தவறினாலும், அவர் நடமாடிய பகுதிகளில் இடம் 35 கி.மீ. அளவுக்கு விலகிவிடும். ஆகவே அவர் ஒரே இடத்திற் பலமுறை அளந்தார். பின் விளக்கொளியில் மணிக்கணக்காகக் கணக்கிட்டார். இவ்வளவும் கை விறைக்கும் குளிரில், ஒரு கண்ணால். மலைகளுக்கு அப்பாலிருந்த மக்கள் அவருக்குக் கூ கூ சின்ற் என்று பெயரிட்டதில் வியப்பில்லை. விண்மீன்களை உற்று நோக்குபவர் என்பது அதன் பொருளாகும்.

1796ஆம் ஆண்டில் அவர் மேற்கொண்ட பயணம் அவருடைய முதற் பெருஞ்சாதனையும் பெருந்துயரமும் ஆயிற்று. ரெயின்டீர் ஏரியிலிருந்து வொலஸ்ரன் ஏரி வழியாக அதபாஸ்கா ஏரிக்கு ஒரு புது வழி காண அவர் புறப்பட்டார். கம்பனி ஆட்கள் எவரையும் தரவில்லை. கொஸ்டோ, பாடி என்னும் சிப்பவையன் இளைஞர் இருவரே துணை. ஒருவருக்கும் வள்ளம் செலுத்துவதிற் பழக்கமில்லை. போகும் வழி நன்றாகவே முடிந்தது. திரும்பும் வழியிற் கரிய ஆற்றின் விரைந்த நீரோட்டமொன்றில், இளைஞர் இருவரும் கரையிலிருந்து கயிற்றால் வள்ளத்தை இழுக்க, தொம்சன் வள்ளத்துள் இருந்து அதனைச் செலுத்தினார். மரமொன்றைக் கடக்கும்போது கயிற்றைக் கொண்டு செல்வதில் இருவரும் தடுமாறினர். வள்ளம் குறுக்காகத் திரும்பியது. கவிழாமற் காப்பதற்காகத் தொம்சன் கயிற்றை அறுத்தார். வள்ளம் அவரையும் சுமந்துகொண்டு, பன்னிரண்டு அடி உயரமுள்ள நீர்வீழ்ச்சியினூடே கீழே விழுந்தது. பாறைகள் அவர் உடலைக் கிழித்தன. ஒரு பாதத்தின் தசை குதிக்கால் வரை உரிந்துவிட்டது.

உணவும் உடையும் வெடிமருந்தும் ஆற்றோடு போயின. ஆயினும் தக்கை பதித்த பெட்டியொன்று மிதந்து கரை சேர்ந்தது. அதனுள்ளே செக்ஸ்ரன்றும் பயணக் குறிப்புகளும் இருந்தன. கூடாரத் துணியைக் கிழித்து மூவரும் உடலைச் சுற்றிக்கொண்டனர். காட்டுப் பழங்களைத் தின்று நடந்தனர். பருந்துக் குஞ்சுகள் இரண்டை உண்ட பின்னர், அவற்றின் கொழுப்பைத் தின்ற தொம்சனுக்கும் பாடிக்கும் கொடிய வயிற்றுக்கடுப்பு ஏற்பட்டது. இறப்பது உறுதியென்று எண்ணிய வேளையிற் சிப்பவையன் குடும்பங்களின் கூடாரங்கள் இரண்டு கண்ணிற் பட்டன. அம்மக்கள் உணவும் காலணியும் வெடிமருந்தும் கொடுத்து அனுப்பினர். அந்த ஆற்றின் முதல் அளவைப் படம் இவ்வாறு பிழைத்து வந்தது. நீர்வீழ்ச்சியில் விழுந்தவர் ஒருவர். அவரைக் காப்பாற்றியவர் பலர். பெரும்பாலான பாடநூல்கள் முதலாமவரின் பெயரோடு நின்றுவிடுகின்றன.

அடுத்த ஆண்டு, 1797ஆம் ஆண்டு மே மாதம், அவர் ஹட்சன் விரிகுடாக் கம்பனியை விட்டு நீங்கி, ஏறக்குறைய 120 கி.மீ. நடந்து சென்று, அதன் போட்டியாளராகிய வடமேற்குக் கம்பனியிற் சேர்ந்தார். அளவை வேலையை நிறுத்துமாறு மேலதிகாரி கட்டளையிட்டதே காரணம் என்று அவர் பிற்காலத்தில் எழுதினார். முன்னறிவித்தல் இன்றி விலகியது முறையன்று எனப் பழைய கம்பனியார் குறைகூறினர். இரு பக்கத்திலும் நியாயமுண்டு என்றே தோன்றுகின்றது.

புதிய கம்பனி அவரை உடனடியாகவே பெரும் பயணமொன்றுக்கு அனுப்பியது. அமெரிக்க எல்லையாக வரவிருந்த 49ஆம் அகலக்கோட்டிற்கு எப்புறத்திற் கம்பனியின் நிலையங்கள் அமைகின்றன என்று அறிவதே நோக்கம். பத்து மாதங்களிற் சுமார் 6,400 கி.மீ. தூரத்தை அவர் அளந்தார். அப்போது அவர் குறித்த மிசூரி ஆற்று வளைவின் படப் பிரதியொன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜெபர்சனின் கைக்குச் சென்று, லூயிஸ், கிளார்க் என்போரின் புகழ்பெற்ற பயணத்திற்கும் உதவியது.

1799ஆம் ஆண்டு யூன் 10ஆம் நாள் சார்லட் ஸ்மோல் என்னும் பெண்ணை அவர் மணந்தார். தந்தை வெள்ளை வணிகர். தாய் கிறீ இனத்தவர். மணமகளுக்குப் பதின்மூன்று வயதே. இன்று நம் மனம் ஏற்காத வழக்கம் அது. அக்காலத்து வணிக நிலையங்களிற் பரவலாக இருந்தது. தந்தை ஸ்மோல், குடும்பத்தைக் காட்டிலேயே விட்டுவிட்டுப் பிரித்தானியாவிற்குத் திரும்பியிருந்தார். மற்றும் பல வணிகர்களும் அவ்வாறே செய்தனர். தொம்சன் அவ்வாறு செய்யவில்லை. 1812இல் மொன்றியலுக்கு வந்ததும் தேவாலயத்தில் முறைப்படி மீண்டும் மணம் புரிந்தார். பதின்மூன்று பிள்ளைகள் பிறந்தனர். ஐம்பத்தேழு ஆண்டுகள் அவர்கள் இணைபிரியாது வாழ்ந்தனர்.

இனிக் கொலம்பியா ஆற்றுக்கு வருவோம். அதன் கழிமுகம் அறியப்படாததன்று. 1792ஆம் ஆண்டிலேயே றொபேட் கிறே என்னும் அமெரிக்கக் கப்பற்றலைவர் பசிபிக் கடலிலிருந்து அதனுட் புகுந்து, தம் கப்பலின் பெயரை ஆற்றுக்கு இட்டிருந்தார். 1805இல் லூயிசும் கிளார்க்கும் அதன் கீழ்ப் பகுதியால் இறங்கிக் கடலை அடைந்திருந்தனர். மேற்பகுதி எங்கே பிறந்து எவ்வழி வருகின்றது என்பதே புதிர்.

1807ஆம் ஆண்டு கோடையில், சார்லட்டையும் சிறு பிள்ளைகள் மூவரையும் அழைத்துக்கொண்டு, ஹௌஸ் கணவாய் வழியாகத் தொம்சன் றொக்கி மலைகளைக் கடந்தார். யூன் 30ஆம் நாள் பெரிய ஆறொன்றின் கரையை அடைந்தார். அதுதான் அவர் தேடிவந்த கொலம்பியா. ஆனால் அவர் அதனை அறியவில்லை! ஏனெனில் கடல் தென்மேற்கே இருக்க, அந்த ஆறோ வடமேற்கு நோக்கி ஓடிற்று. தமக்குத் தெரிந்த கொலம்பியாவுடன் அதனை எவ்வாறு இணைப்பது? எனவே அதற்குக் கூட்டனே ஆறு என்று பெயரிட்டார். அதன் மூலத்தை நோக்கி மேலே சென்று, இன்றைய இன்வெர்மியர் நகருக்கு அருகில் கூட்டனே ஹவுஸ் என்னும் நிலையத்தை அமைத்தார்.

இயற்கை அங்கே ஒரு விந்தையைச் செய்து வைத்திருக்கின்றது. கொலம்பியா பிறக்கும் ஏரியிலிருந்து இரண்டு கி.மீ. அளவு சமநிலத்திற்கு அப்பால் இன்னொரு ஆறு தெற்கு நோக்கி ஓடுகின்றது. இன்று கூட்டனே எனப்படுவது அதுவே. ஓர் ஆறு வடக்கே போகின்றது. மற்றது தெற்கே போகின்றது. தெற்கே போவது இன்றைய அமெரிக்க நாட்டினுள் நுழைந்து மீண்டும் வடக்கே திரும்புகின்றது. வடக்கே போவது சுமார் 300 கி.மீ. சென்று செல்கேர்க் மலைகளைச் சுற்றித் தெற்கே திரும்புகின்றது. இறுதியில் இரண்டும் ஒன்றாகக் கலக்கின்றன. வானத்திலிருந்து பார்த்தாலன்றி ஒரே பார்வையில் விளங்காத முடிச்சு இது. தொம்சன் அதனைத் தரையிலிருந்து, ஒவ்வொரு வளைவாக அவிழ்த்தார். அங்கு வாழ்ந்த கூட்டனே, சேலிஷ் மக்களுக்கு இதிற் புதிர் ஏதும் இருக்கவில்லை. எந்த ஆறு எங்கே போகின்றது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டும், அவர்கள் காட்டிய வழியிற் சென்றுமே அவர் படம் வரைந்தார்.

1808இற் குடும்பத்தோடு மலைகளைத் திரும்பக் கடந்த வேளையில் உணவின்றிக் குதிரைகளைக் கொன்று உண்டனர். வெறிகொண்ட குதிரையொன்று பிள்ளைகளை நசுக்கப் பார்த்ததால், தொம்சன் அதனை அவ்விடத்திலேயே சுட்டார். அதே ஆண்டில் இன்னொரு சம்பவமும் நிகழ்ந்தது. பழங்குடி மக்களுக்கு மது விற்பதை அவர் வெறுத்தார். கம்பனியின் பங்காளர் இருவர் வற்புறுத்தி மதுப் பீப்பாய்கள் இரண்டை அவருடன் அனுப்பினர். அவர் அவற்றை மிக முரட்டுக் குதிரையொன்றின் மேல் ஏற்றினார். அது பாறைகளில் உராய்ந்து உராய்ந்து நண்பகலுக்குள் இரண்டையும் உடைத்து முடித்தது. இதனைப் பங்காளருக்கு அவரே எழுதி அறிவித்தார். மீண்டும் அனுப்பினால் மீண்டும் இதுவே நிகழும் என்பதையும் சேர்த்து எழுதினார்.

மதுவை மறுத்தவர் துப்பாக்கியை மறுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மலைகளுக்கு மேற்கே துப்பாக்கிகள் சென்றதனால், கிழக்கேயிருந்த பீகன் மக்களின் வலிமை குன்றியது. இளமையில் அவருக்குக் கூடாரத்தில் இடமளித்த அதே மக்கள், 1810ஆம் ஆண்டிற் சினங்கொண்டு ஹௌஸ் கணவாயை மறித்தனர். தொம்சன் சில வாரங்கள் காட்டில் மறைந்திருக்க நேர்ந்தது. அவர் அஞ்சிக் காலம் கடத்தினார் எனச் சில வரலாற்றாசிரியர்கள் குற்றஞ்சாட்டுவர். அவர் தெரிந்தெடுத்த வேறு வழியைப் பார்த்தால், அச்சமுடையவர் செய்யும் காரியமாக அது தோன்றவில்லை.

தோமஸ் என்னும் இறொக்குவா வழிகாட்டியுடன் வடக்கே வெகுதூரம் சுற்றி, நடுக் குளிர்காலத்தில், 1811ஆம் ஆண்டு தை 10ஆம் நாள் அதபாஸ்காக் கணவாயின் உச்சியை அவர் அடைந்தார். வழியிலே மிகப் பெரிய காலடித் தடமொன்றைக் கண்டு ஆட்கள் நடுங்கினர். முதிய கரடியின் தடமாகலாம் என்று தொம்சன் கருதினார். இன்று சஸ்குவாச் என்னும் காட்டு மனிதனைப் பற்றிக் கதை சொல்வோர் இக்குறிப்பையும் விட்டுவைப்பதில்லை. பனியின் ஆழம் கண்டு ஆட்கள் பலர் மனந்தளர்ந்து விலகினர். எஞ்சியோருடன் கொலம்பியாவின் பெரு வளைவை அடைந்து, குடிசையமைத்துக் குளிர்காலத்தைக் கழித்தார். வள்ளம் செய்வதற்கு ஏற்ற பேர்ச் மரப்பட்டை அங்கே கிடைக்கவில்லை. ஆகவே சீடர் மரத்தைப் பலகைகளாகப் பிளந்து, ஆணியின்றி, மரவேர்களால் தைத்து, 25 அடி நீள வள்ளமொன்றைச் செய்தனர்.

ஆறு அங்கிருந்து தெற்கே இறங்குவதை அவர் கண்டார். எனினும் ஆட்கள் போதாமையால் அவ்வழியே செல்லாது, தெரிந்த ஆறுகள் வழியாகச் சுற்றிச் சென்று, கெற்றில் நீர்வீழ்ச்சியிற் கொலம்பியாவை மீண்டும் சேர்ந்தார். யூலை 3ஆம் நாள் அங்கிருந்து புறப்பட்டார். 9ஆம் நாள், ஸ்னேக் ஆறு கலக்கும் இடத்திற் கம்பொன்றை நாட்டி, அந்நாட்டைப் பிரித்தானியாவுக்கு உரியதாகக் கூறும் தாளொன்றைக் கட்டினார். அங்கே தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்து வாழ்ந்த மக்களிடம் எவரும் இதைப்பற்றிக் கேட்கவில்லை. 15ஆம் நாள் வள்ளம் பசிபிக் கரையைச் சேர்ந்தது. அங்கே அமெரிக்கரின் அஸ்ரோறியாக் கோட்டை முன்னரே எழுந்து நின்றது. அவர்கள் கடல்வழியாக வந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

முந்தியவர் யார் என்ற கேள்வியிலேயே பலரும் நின்றுவிடுகின்றனர். அடுத்து அவர் செய்ததே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. திரும்பி வந்து, கெற்றில் நீர்வீழ்ச்சிக்கும் பெரு வளைவுக்கும் இடையே தாம் இன்னும் காணாத பகுதியையும் அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் அளந்து முடித்தார். மூலம் முதற் கழிமுகம் வரை, ஏறக்குறைய 2,000 கி.மீ. நீளமுள்ள கொலம்பியா முழுவதையும் முதன்முதலில் அளந்தவர் அவரே.

1812இல் அவர் மேற்கை விட்டு மொன்றியலுக்கு அருகேயுள்ள ரெறபோன் என்னும் ஊருக்கு வந்து, தம் குறிப்பேடுகளிலிருந்து பெரும் படத்தை வரையத் தொடங்கினார். 1814இன் தொடக்கத்தில், அவ்வேலை நடந்துகொண்டிருக்கையில், பிள்ளைகள் இருவர் சில வாரங்களுள் அடுத்தடுத்து இறந்தனர். படம் அவ்வாண்டு நிறைவெய்தியது. ஏறக்குறைய இரண்டு மீற்றர் உயரமும் மூன்று மீற்றர் அகலமும் கொண்ட அப்படம், ஹட்சன் விரிகுடாவிலிருந்து பசிபிக் வரை நீண்டது. இன்றைய தண்டர் பே நகரிலிருந்த வில்லியம் கோட்டையின் உணவு மண்டபத்தில் அதனைத் தொங்கவிட்டனர். வணிக இரகசியமாகவே அது இருந்தது. அவர் கண்டவை இலண்டனில் அச்சான படங்களில் ஏறின; அவர் பெயர் ஏறவில்லை.

பின்னர் 1817 முதற் பத்தாண்டுகள், கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடைப்பட்ட எல்லையை அளக்கும் ஆணைக்குழுவிற் பணியாற்றினார். நல்ல ஊதியமும் காணியும் இருந்தன. ஆயினும் கடன்களும் நம்பிக் கொடுத்த பணமும் அவரை வீழ்த்தின. 1837இல், 67ஆவது வயதில், இன்று ஒன்ராறியோவாழ் நம்மவர் கோடை விடுமுறைக்குச் செல்லும் மஸ்கோகா ஏரிப் பகுதியில், கால்வாய் வழி தேடி மீண்டும் வள்ளத்தில் ஏறினார். பிற்பாடு கருவிகளையே விற்க நேர்ந்தது. உணவுக்காக மேலங்கியை அடகு வைத்த நாளும் உண்டு. 1840களிற் கொலம்பியாவைக் கைவிட வேண்டாமென்று பிரித்தானிய அரசுக்குக் கடிதங்களும் படங்களும் அனுப்பினார். 1846ஆம் ஆண்டு உடன்படிக்கை 49ஆம் அகலக்கோட்டையே எல்லையாக்கி, ஆற்றின் கீழ்ப்பாதியை அமெரிக்காவுக்குக் கொடுத்தது.

முதுமையில் தம் பயண வரலாற்றை எழுதத் தொடங்கினார். 1851இல் எஞ்சிய கண்ணும் பார்வையிழக்க, நூல் முடிவுறாமல் நின்றது. 1857ஆம் ஆண்டு மாசி 10ஆம் நாள் மொன்றியலுக்கு எதிர்க்கரையிலுள்ள லொங்கேயில் அவர் காலமானார். சார்லட் மூன்று மாதங்கள் கூட வாழவில்லை. மே 4ஆம் நாள் அவரும் மறைந்தார். மவுண்ட் றோயல் மயானத்தில் இருவரும் அடக்கம் செய்யப்பட்டனர். கல்லறைக்குப் பெயரில்லை.

அடுத்த ஆண்டு பிறந்தவர் ஜோசப் ரிறெல். அல்பேட்டாவில் டைனோசர் எலும்பைக் கண்டெடுத்த புவியியலாளர் என்று மாணவர்கள் அறிந்திருப்பர். மேற்கை ஆராயச் சென்றபோது, தம் கையிலிருந்த பழைய படங்கள் வியக்கத்தக்க அளவு சரியாக இருப்பதைக் கண்டு, அவற்றை வரைந்தவரைத் தேடத் தொடங்கினார். முடிவுறாத கையெழுத்துப் பிரதியை விலைகொடுத்து வாங்கி, 1916இற் சம்பிளேன் சங்கத்தின் வாயிலாக வெளியிட்டார். 1927இற் கல்லறையில் நினைவுத் தூணும் எழுந்தது.

பெயரைப் பொறுத்தவரை தொம்சனுக்கு நற்பேறு குறைவே. பிரிட்டிஷ் கொலம்பியாவிலுள்ள தொம்சன் ஆற்றுக்கு அவர் பெயரைச் சைமன் பிரேசர் இட்டார். அந்த ஆற்றைத் தொம்சன் கண்டதேயில்லை. மனிற்றோபாவிலுள்ள தொம்சன் நகரம் அவர் பெயரால் அமைந்ததென்று சிலர் கருதுவர்; அது நிக்கல் சுரங்கக் கம்பனித் தலைவர் ஒருவரின் பெயர். அவர் வள்ளம் செய்த பெரு வளைவு 1973இற் கட்டி முடிக்கப்பட்ட மைக்கா அணையின் நீர்த்தேக்கத்துள் மூழ்கியுள்ளது. கெற்றில் நீர்வீழ்ச்சியும் கிறாண்ட் கூலி அணையினால் நீரின் கீழ் மறைந்தது. அவருடைய பெரும் படம் ரொறொன்ரோவிலே, யோர்க் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள ஒன்ராறியோ ஆவணக் காப்பகத்திற் பாதுகாக்கப்படுகின்றது.

1957ஆம் ஆண்டு, அவர் மறைந்து நூறாண்டு நிறைந்த போது, கனடா அவர் நினைவாக ஐந்து சத முத்திரையொன்றை வெளியிட்டது. ரிறெலும் அவ்வாண்டிலேயே, தொண்ணூற்றெட்டு வயதிற் காலமானார். தொம்சன் உயிரோடிருந்த காலத்தில் எவரும் அவரைப் படமாக வரைந்ததாகத் தெரியவில்லை. முத்திரையிலுள்ள முகம் ஓவியரின் கற்பனை. அதனுடன் காணப்படும் மேற்குக் கனடாவின் படம் அவர் அளந்தது.